திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கழிப்பறை

எங்கள் பள்ளியின் உடல்நலப் பொறுப்பாசிரியராக என்னைத் தேர்ந்தெடுத்த முறை மிக எளிமையானது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அந்தச் சுற்றறிக்கையைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது.

"டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் நீங்கதான எடுக்கிறீங்க?"

"ஆமா சார்."

"அப்ப ஹெல்த் உங்களுது" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றறிக்கையை எடுத்தார்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற வழியில், இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட அரசு உயர்நிலைப்பள்ளி எங்களுடையது. பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். மீதிப் பாதி, என்னைப் போலவே தெற்கிலிருந்து பிழைக்க வந்து இங்கே வாடகைக்கு இருக்கிறவர்களின் பிள்ளைகள். யாருடைய பிள்ளையானாலும் அப்பாவோ அம்மாவோ ஷிஃப்டில் இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போன் செய்தால் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் "அவ ஜெனரல் ஷிஃப்டு மேடம், சாயங்காலம் வருவா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடும்.

பொறுப்பு வந்தபின் வேலைகளும் வந்தன. தாழ்வாரத்தில் படங்கள் ஒட்டினேன்: கை கழுவும் முறை, கீரையின் பெருமை, சிரிக்கிற ஒரு பல். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். குடற்புழு மாத்திரை கொடுத்தேன். மருத்துவக் குழுவின் வேன் வந்த அன்று பிள்ளைகளை உயரப்படி நிறுத்தினேன். எதைச் செய்தாலும் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றவேண்டும். ஏற்றவில்லை என்றால் செய்யவில்லை என்று பொருள். செய்யாமல் ஏற்றினால் என்ன பொருள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அப்புறம் வாட்டர் பெல் வந்தது. பிள்ளைகள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் பாடவேளைகளுக்கு நடுவே மணி அடித்து எல்லோரையும் குடிக்கவைக்கவேண்டும் என்று உத்தரவு. நல்ல உத்தரவுதான். குற்றம் சொல்ல முடியாது. முதல் நாள் மணி அடித்ததும் பையன்கள் குடித்தார்கள், மிச்சத்தை ஒருவன் சட்டைக்குள் ஒருவன் ஊற்றினான். பெண்கள் பாட்டிலைத் தூக்கினார்கள், அண்ணாந்தார்கள், தொண்டையை அசைத்தார்கள், மூடியைத் திருகினார்கள். நான் போட்டோ எடுத்தேன். அருமையான போட்டோ. வட்டார ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் பத்துப் பதினைந்து கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தன.

சாயங்காலம்தான் கவனித்தேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை அப்படியே நின்றது. பக்கத்துப் பெண்ணின் பாட்டிலும் அப்படியே. வரிசை முழுக்க அப்படியே.

"ஏம்மா, மணி அடிச்சப்ப நீ குடிக்கலையா?"

"குடிச்சேன் மிஸ்."

"தொண்டைக்குள்ள போச்சா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபின் என் மேசை அருகே வந்தாள்.

"குடிச்சா போவணும் மிஸ். போவணும்னா எங்க போறது?"

பெண்களுக்கென்று பழைய கழிப்பறை ஒன்று இருந்தது. இருந்தது என்று ஆப்பில் நானே பதிந்திருக்கிறேன். 'கழிப்பறை உண்டா?' என்று ஆப் கேட்கும்; ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'உண்டு, ஆனால்' என்று ஒரு கட்டத்தை அதைச் செய்த புண்ணியவான் வைக்கவில்லை. ஓர் அறையில் தாழ்ப்பாள் கிடையாது. இன்னொன்றில் கதவின் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. தண்ணீர் வாளியில் கொண்டுபோகவேண்டும். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி துப்பட்டாவை விரித்துக் கீழே மறைக்க, இப்படி ஒரு படையோடுதான் போகவேண்டும். மாத விலக்கு நாட்களில் பெரிய பெண்கள் பள்ளிக்கே வருவதில்லை. வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு "பொண்ணுங்களுக்குப் படிப்புல அக்கறை குறைஞ்சிடுச்சு" என்று கூட்டத்தில் கவலைப்படுவோம்.

ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு. அதன் சாவி பீரோவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அதைப் பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டபோது, கணக்கு டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவருடைய நகையைக் கேட்டுவிட்டேனோ என்றிருந்தது. "ஒரு நாள் விட்டுப் பாருங்க, அப்புறம் நம்ம கதி என்ன?" என்றார். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். சாவி ஆணியிலேயே தொங்கியது.

இவ்வளவும் நடந்தபோது, மைதானத்தின் ஓரத்தில் புத்தம் புதிய கழிப்பறைக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது.

பக்கத்துக் கம்பெனி ஒன்று சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிக்கொடுத்தது அது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளம் அதிகாரி அடிக்கடி வந்துபோவார். கழிப்பறை என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது; 'சானிடேஷன் பிளாக்' என்பார். உள்ளே ரோஸ் நிற டைல்ஸ், ஆளுயரக் கண்ணாடி, கையை நீட்டினால் தானே தண்ணீர் கொட்டும் குழாய், ஈரக் கையைச் சூடான காற்றால் உலர்த்தும் பெட்டி. வாசலில் 'மாணவியரின் மாண்புக்காக' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அதன் கீழே சிறப்பு விருந்தினர் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள்.

அந்த வெள்ளைத் தாளில்தான் சிக்கலே. கம்பெனியின் பெரிய தலைவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வந்துதான் திறக்கவேண்டும். முதல் முறை அவருடைய பயணம் தள்ளிப்போனது. அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை மாவட்ட அதிகாரிக்கு வேறு ஒரு விழா. பின் ஒரு தேதி கூடிவந்தபோது அது ஆடி மாதமாக இருந்ததால் தலைமையாசிரியரே வேண்டாம் என்றுவிட்டார், ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாதாம். கழிப்பறைக்குப் போவது நல்ல காரியத்தில் சேருமா என்று எனக்குச் சந்தேகம்; கேட்கவில்லை.

"சார், விழா எப்ப வேணா நடக்கட்டும். இப்போதைக்குத் திறந்து விட்டுடலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திறப்பு விழா நடக்காம எப்படிம்மா திறக்கிறது?"

யாரும் உள்ளே போய்விடக்கூடாது என்று கம்பெனி ஒரு செக்யூரிட்டியையும் போட்டிருந்தது. உள்ளூர்ப் பெரியவர். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவ்வப்போது பூட்டைத் திறந்து உள்ளே போவார், முகம் தெளிந்து வருவார். அத்தனை செலவில் எழும்பிய அந்தக் கட்டடத்துக்குப் பயனாளி அவர் ஒருவர்தான்.

ஆவணி வெயிலில் ஒரு நாள், முன் பெஞ்சுப் பெண் வகுப்பில் மேசைமேல் தலையைச் சாய்த்தாள். நான் அப்போது சிறுநீரகம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடத்தியது ஒளி விலகல். தூங்குகிறாள் என்று நினைத்துச் சுண்ணக்கட்டியை எறியப் போனேன். கிட்டே போய்த் தொட்டால் உடம்பு கொதிக்கிறது, பற்கள் தந்தியடிக்கின்றன. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது மிஸ்" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் என் தோளில் சாய்த்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சல் அதனால்தான் என்றார்.

"தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா நீ?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க யாரு, அம்மாவா?"

"டீச்சர்."

"ஹெல்த் இன்சார்ஜ் யாரு உங்க ஸ்கூல்ல? வாட்டர் பெல் அடிக்கிறாங்களா இல்லையா?"

"அடிக்கிறோம் மேடம்" என்றேன். "போட்டோகூட இருக்கு."

ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "போட்டோவை நீங்களே வச்சுக்கோங்க. இந்த மாசம் இதே கம்ப்ளெயிண்டோட இந்தச் சுத்துவட்டாரத்துலேருந்து எத்தனை பொண்ணுங்க தெரியுமா?" என்றார்.

பெண்ணின் அம்மா மத்தியானத்துக்குமேல்தான் வந்து சேர்ந்தார். போன் உதிரிபாகம் கோக்கிற கம்பெனியில் லைனில் வேலை. நீலக் கோட்டைக் கழற்ற நேரமில்லாமல், தலையில் வலைத்தொப்பியோடே வந்திருந்தார்.

"இன்னா மிஸ் ஆச்சு? எச்.ஆர்.லருந்து வந்து சொல்லச்சொல்லோ எனுக்கு கையும் ஓடல காலும் ஓடல. சூப்பர்வைசரு மாத்து ஆளு வர்ற வரைக்கும் லைன வுட்டு நவுரக்கூடாதுன்னுட்டாரு."

விஷயத்தைச் சொன்னேன். முதலில் மகளைத்தான் திட்டினார். "பாட்டில் பாட்டிலா ரொப்பி குட்த்து அனுப்புறேனே, குடிக்கறதுக்கு இன்னாடி உனுக்கு கேடு?"

"போனா கதவு மூட முடியாதும்மா. பசங்க அந்தப் பக்கமா சுத்திகினே இருப்பானுங்க."

அம்மா மகளின் காலருகே கட்டிலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எங்க லைன்லயும் அப்டித்தான் மிஸ். மாத்து ஆளு வந்தாத்தான் பாத்ரூம் போவலாம். அதுக்கோசரம் நானும் தண்ணி குடிக்கறது இல்ல. நான் சம்பளத்துக்கு அடக்கிக்கினு நிக்கறேன். இவ இன்னாத்துக்கு மிஸ் அடக்கணும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ரோட்லருந்து பாத்தாலே தெரியுதே, பளபளன்னு ஒண்ணு புதுசா கட்டி வுட்டுக்கிறாங்களே, அது இன்னாது?"

"அதை இன்னும் திறக்கல."

"தண்ணி வர்தா அதுல?"

"வருது."

"சாவி கீதா?"

"இருக்கு."

"அப்பறம்?"

தலைமையாசிரியரை வந்து பாருங்கள் என்றேன். அரசு ஊழியருக்குத் தெரிந்த கடைசி உபாயம் அது.

கம்பெனியில் தனக்கு வார விடுமுறை கிடைத்த ஒரு பள்ளி நாளில் அந்த அம்மா வந்தார். தன் தெருவிலிருந்து இன்னும் சில அம்மாக்களையும் கூட்டிவந்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர்களும் அதில் இருந்தார்கள். தலைமையாசிரியர் நாற்காலி போடச் சொன்னார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பிறகு நிதி ஒதுக்கீடு, முறைப்படி ஒப்படைத்தல், சிறப்பு விருந்தினரின் மனம் என்று வெகு நேரம் விளக்கினார். நான் வாசலருகே நின்றிருந்தேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். முடிந்தபின் சொன்னார்:

"சார், உங்க வூட்ல புதுசா கக்கூஸ் கட்டுறீங்க. வெளிநாட்லருந்து மாப்ள வந்து ரிப்பன் வெட்றவரைக்கும் உங்க வூட்ல எல்லாரும் அடக்கிக்கினு இருப்பீங்களா?"

தலைமையாசிரியரின் காது சிவந்தது. "அதுக்கு இல்லம்மா..." என்று ஆரம்பித்தார். அம்மாக்கள் எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். தடுக்கப் போனேனா வேடிக்கை பார்க்கப் போனேனா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில்.

செக்யூரிட்டி எழுந்து நின்றார். அவரும் அந்த அம்மாவும் ஒரே ஊர், பழக்கம்.

"மாமா, சாவியக் குடு."

"எனுக்கு ஆர்டர் இல்லம்மா. என் வேலைய காலி பண்ணிட்டுப் பூடாத."

"நீ எங்க போற? சொல்லு, ஒண்ணுக்கு வந்தா நீ எங்க போற?"

பெரியவர் வேப்பமரத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். ஜன்னல்களில் பெண் பிள்ளைகளின் முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நாற்காலிமேல் வைத்தார். "எனுக்கு டீ குடிக்கணும் போலக் கீது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு திறந்த சத்தம் கேட்டதும் என்னிடம் திரும்பி, "நான் ரூம்ல இல்ல டீச்சர், வெளிய போயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு வரிசை மைதானத்தின் பாதி தூரத்துக்கு நின்றது. உள்ளே போனவர்கள் வெளியே வர மறுத்தார்கள். குழாய்க்குக் கையை நீட்டி நீட்டி எடுத்தார்கள். காற்றுப் பெட்டியில் கையை உலர்த்தினார்கள், முகத்தை உலர்த்தினார்கள், ஒருத்தி ஈரப் பின்னலை உலர்த்தினாள். ஆளுயரக் கண்ணாடியில் தன் முழு உருவத்தை முதல்முறை பார்த்தவர்களும் இருந்தார்கள். கணக்கு டீச்சரும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்மளுதைவிட நல்லா இருக்கு" என்று வருத்தப்பட்டார். அடுத்த நாளிலிருந்து பாட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. நான் யாரையும் கேட்கவில்லை, தெரிந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். கம்பெனி அதிகாரி ஓடிவந்தார். பெரிய தலைவர் வருகிறார், இந்த வாரமே விழா. சந்தோஷமாகக் கட்டடத்துக்குள் போனவர் பேயடித்ததுபோல வெளியே வந்தார்.

"சார், இதை யாரோ யூஸ் பண்ணியிருக்காங்க!"

கோயில் உண்டியல் உடைந்த செய்தியைச் சொல்கிற குரல். தலைமையாசிரியர் "அப்படியா?" என்றார். செக்யூரிட்டி வானத்தைப் பார்த்தார்.

விழா முடியும்வரை மறுபடியும் பூட்டு. ஆட்கள் வந்து அமிலம் ஊற்றிக் கழுவினார்கள். உள்ளே நுழையும்போது முதல்முறை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும் என்று அதிகாரி பெண்களுக்கு ஒத்திகை நடத்தினார். "கண்ணை இன்னும் கொஞ்சம் விரிக்கணும்மா" என்றார். வாட்டர் பெல்லில் பழகிய பெண்கள். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

விழா நாளில் பிள்ளைகளைக் காலையிலிருந்தே வெயிலில் உட்காரவைத்தார்கள். தலைவர் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். அதிகாரி அதைத் தமிழில் "சார் ரொம்ப சந்தோஷப்படறாங்க" என்று மொழிபெயர்த்தார். ரிப்பன் வெட்டப்பட்டது. தலைவர் உள்ளே போய்க் குழாய்க்குக் கீழே கையை நீட்டினார். தண்ணீர் வரவில்லை. கையை ஆட்டினார். வரவில்லை. அதிகாரியின் நெற்றியில் வேர்த்தது. பூங்கொத்துக் கொடுக்க நிறுத்தியிருந்த முன் பெஞ்சுப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஆட்டக்கூடாது. இன்னும் கீழ வச்சு சும்மா இருங்க. நடு குழாய் எப்பவுமே லேட்டாத்தான் வரும்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். தண்ணீர் கொட்டியது. தலைவர் சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பார். அதிகாரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை: "எங்கள் குழந்தைகள் மிக வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

கார்கள் போனபின் அதிகாரி சாவியைக் கேட்டார். ஒப்படைப்புக் காகிதங்களில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கியாம். அதுவரை பூட்டிவைப்பதுதான் முறையாம். தலைமையாசிரியர், விழாவில் தலைவர் தன் கையில் கொடுத்த சாவியைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றார். மேலே இருக்கிற யாரிடமும் அவர் அதுவரை முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அவருக்கே அது புதிதாக இருந்திருக்கவேண்டும். அன்று மத்தியானம் முழுக்க எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாட்டர் பெல்லைச் சிறப்பாகச் செயல்படுத்தியதற்காக எனக்கு ஒரு பொன்னாடையும் கேடயமும் கிடைத்தன. அந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் தரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நிற்கச் சொல்லிக் கேட்டேன். "ஷிஃப்டு ஒத்துவராது மிஸ்" என்றுவிட்டார். அவருடைய லைனில் நிலைமை மாறியதா என்று கேட்டேன். "அங்க எந்த மாமாகிட்ட போயி சாவி கேக்கறது?" என்றார்.

காற்றுப் பெட்டி சீக்கிரமே படுத்துவிட்டது. தானே கொட்டும் குழாய்களில் இரண்டு, கொட்டுவதை நிறுத்த மறந்து தொட்டியையே காலி செய்தன. அவற்றைக் கழற்றிச் சாதாரணத் திருகு குழாய் போட்டோம். கட்டிக்கொடுக்க நிதி உண்டு, கழுவ நிதி கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. தூய்மைப் பணியாளரை மண்ணூர்ப் பக்கத்துப் பள்ளியோடு பங்கு போட்டுக்கொண்டிருப்பதால், அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருவார். அவர் வராத நாட்களில், பிரேயருக்கு முன்னால் தலைமையாசிரியர் பேண்ட்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு டியூப் பிடித்துத் தரையைக் கழுவுகிறார். முதல் நாள் நான் ஓடிப்போய் "சார், குடுங்க சார்" என்றேன்.

"நீங்க அந்தப் பக்கம் ப்ளீச்சிங் பவுடர் போடுங்க டீச்சர்" என்றார் நிமிராமல். "எட்டாவது பி பொண்ணுங்க மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடுவாங்க."